இரண்டு திரை, ஒரே திருகு

வாசகர் கேள்வி:

அண்ணே, வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வாடகைப் பட்டறையில் நாலு வருஷமாக ஆர்வி-9ஏ விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். இறக்கையும் வாலும் முடிந்துவிட்டன. உடற்பகுதி இன்னும் தலைகீழாக ஸ்டாண்டில் இருக்கிறது. எஞ்சின் லைகமிங் ஓ-320, 160 குதிரைத்திறன். பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி மட்டுமே பறப்பேன். பெரும்பாலும் லங்காவி, ஈப்போ, அலோர் ஸ்டார். வேகம், உயரம், திசை எல்லாம் காட்டும் 10 அங்குலத் திரை இரண்டு, மேகத்துக்குள் பறப்பதற்கான ஜிபிஎஸ், ஆட்டோபைலட் எல்லாம் போட்டுவிடு என்கிறார் பறக்கும் நண்பர் ஒருவர். திரை செய்யும் நிறுவனங்களில் கார்மினா, டைனனா என்று முடிவெடுக்க முடியவில்லை. ஓர் அமெரிக்க விற்பனையாளர் இந்த மாதம் தள்ளுபடி தருகிறார், இப்போதே வாங்கிவிடலாமா? எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 18 வருஷம் வேலை செய்தவன் நான். வயரிங்கை நானே செய்யலாமா? கருவிப் பேனலுக்கென்று 90,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். பழைய திரவத் திசைகாட்டி இன்னும் தேவையா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, வணக்கம். நீங்கள் அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். ரிவெட் வரிசைகள் நேராக, சுத்தமாக இருக்கின்றன. நாலு வருஷம் இந்தப் பொறுமையோடு உழைத்தவருக்குப் பேனல் வேலையும் நன்றாகவே வரும்.

தள்ளுபடிக்குத்தான் கெடு இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைகளை இந்த மாதம் வாங்க வேண்டாம். எஞ்சின் ஏறி, வயரிங் ஓடி, பேனலுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்க உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை அந்தத் திரை அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். உத்தரவாதக் காலம் வீணாகக் கரையும், புது மாடலும் வந்துவிடும். எலக்ட்ரானிக்ஸை எவ்வளவு தள்ளி வாங்க முடியுமோ அவ்வளவு தள்ளி வாங்குங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

சுபாங்கில் 27 வருஷமாக விமானங்களின் ரேடியோவும் கருவிகளும்தான் என் வேலை. அந்த அனுபவத்தில் என் மனத்தை விட்டு நீங்காத ஒரு பயணம் உண்டு. சொந்தமாகக் கட்டிய இருவர் விமானம் ஒன்றில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து லங்காவியிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தேன். புகைமூட்டக் காலம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், அடிவானம் எங்கே என்று தெரியவில்லை. பேனலில் இரண்டு பெரிய திரைகள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று உரிமையாளர் புறப்படும்போதுதான் சொல்லியிருந்தார். கடலின் நடுவில் இரண்டும் ஒரே நொடியில் அணைந்தன. ஒரு நிமிடம் கழித்து வந்தன, திரும்பவும் அணைந்தன. ஓரமாக வைத்திருந்த ஒரு சிறிய வேகமானியும் திசைகாட்டியும்தான் எங்களைப் பினாங்கு வரை கொண்டுவந்து சேர்த்தன. இறங்கியதும் டார்ச் அடித்துப் பேனலுக்குப் பின்னால் பார்த்தேன். ஒவ்வொரு திரைக்கும் தனி பிரேக்கர், தனி பாசிட்டிவ் வயர். ஆனால் மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்ட் வயர்கள் இரண்டும் ஒரே திருகில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டப்பட்டிருந்தன. அடியில் பெயின்ட் சுரண்டப்படவில்லை. அதிர்வில் திருகு தளர்ந்திருந்தது. இரண்டு திரைக்குப் பணம் கொடுத்தும் இரண்டுமே அந்த ஒரு திருகை நம்பித்தான் இருந்தன.

அதனால்தான் யார் பேனல் பற்றிக் கேட்டாலும், எந்தத் திரை என்ற பேச்சுக்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுக்கச் சொல்கிறேன். இடப்பக்கம் செத்துப்போகக்கூடிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), பேட்டரி, மாஸ்டர் கான்டாக்டர் (பேட்டரியைப் பேனலோடு இணைக்கும் பெரிய சுவிட்ச்), மெயின் பஸ் (மின்சாரம் பிரிந்து போகும் பொதுத் தகடு), கிரவுண்ட், திரை, அதன் பின்னாலுள்ள ஏஹெச்ஆர்எஸ் பெட்டி (விமானத்தின் சாய்வையும் திசையையும் உணர்வது), பிட்டோ குழாய் (காற்றுவேகம் அளப்பது), ரேடியோ, ஜிபிஎஸ். வலப்பக்கம் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அது செத்ததை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? அப்போது என்னிடம் மிச்சம் இருப்பது என்ன? அதை வைத்து எவ்வளவு நேரம் பறக்க முடியும்? வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிசை ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஏதாவது வாங்க வேண்டும், அல்லது வயரிங்கை மாற்ற வேண்டும். பதில் ஏற்கெனவே இருக்கும் வரிசைக்கு இன்னொரு பெட்டி வாங்குவது வெறும் எடை.

ஆல்டர்னேட்டர் வரிசையை நானே நிரப்பிக் காட்டுகிறேன். ஆர்வி விமானங்களில் பலர் போடும் சின்ன பேட்டரி 16 ஆம்பியர் மணி. அந்த எண் மெதுவாக, 20 மணி நேரத்தில் வடியும்போது கிடைப்பது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருஷம் இருந்த பேட்டரியில் பாதிதான் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், 8. ஒரு திரையும் அதன் பெட்டிகளும் ஏறத்தாழ 4 ஆம்பியர், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் 1, கேட்கும் நிலையில் ரேடியோ அரை. அடிக்கடி பேசினால் கூடும், எனவே மொத்தம் 6 என்று வையுங்கள். கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். நான் 45 நிமிடத்துக்கு மேல் நம்ப மாட்டேன். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து அலோர் ஸ்டார் நேர்கோட்டில் 100 கிலோமீட்டர், ஈப்போ 120, லங்காவி 130. உங்கள் விமானம் மணிக்கு 150 நாட், அதாவது 280 கிலோமீட்டர் போகும். எந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் போனாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு ஓடுபாதை இருக்கிறது. ஆக, நீங்கள் சொன்ன பயணங்களுக்கு இரண்டாவது ஆல்டர்னேட்டர் வேண்டாம். நல்ல வோல்ட்டேஜ் எச்சரிக்கை விளக்கு ஒன்று வேண்டும். 13 வோல்ட்டுக்குக் கீழே போனதும் கண் முன்னால் சிவப்பு எரிய வேண்டும். 45 நிமிடக் கணக்கு அந்த விளக்கு எரிந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும். கவனிக்காமல் 20 நிமிடம் ஓடிவிட்டால் கையில் பாதிதான் மிஞ்சும்.

மாஸ்டர் கான்டாக்டர் வரிசையில் பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள். அது நின்றால் பேட்டரியில் மின்சாரம் இருந்தும் பேனலுக்கு வராது. திரை, ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சிறிய தனி பஸ் வையுங்கள். சாதாரண நேரத்தில் மெயின் பஸ்ஸிலிருந்து, ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு வழியாக ஊட்டம் வரட்டும். அவசரத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் பேட்டரி முனையிலிருந்தே நேராக வரட்டும். ஒரு டையோடு, ஒரு சுவிட்ச், கொஞ்சம் வயர், ஒரு ஃபியூஸ், அவ்வளவுதான் செலவு.

இக்னிஷன் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ இரண்டு என்றால் பேனல் முழுக்க இருண்டாலும் எஞ்சின் ஓடும். மின்சாரத்தை நம்பும் எலக்ட்ரானிக் இக்னிஷனை இரண்டு பக்கமும் போட நினைத்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறும். அப்போது பேட்டரி தீர்ந்தால் எஞ்சினும் நிற்கும். அந்த முடிவை எடுத்த பிறகு வயரிங் படத்தை வரையுங்கள், முன்னால் வேண்டாம்.

பிட்டோ குழாய்க்கு வருவோம். 2018 ஜூலையில் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏ330 விமானம் ஒன்று பிட்டோ உறைகள் மூன்றையும் கழற்றாமலே ஏறியது. காற்றுவேகக் காட்டி சரியாக வேலை செய்யாமலே திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார்கள். பிரிஸ்பேனில் விமானம் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் குளவி உள்ளே கூடு கட்டிவிடும் என்பதால்தான் அந்த உறைகளே போடப்படுகின்றன. நம் ஊரிலும் மண்குளவிக்குக் குறைவில்லை. உறை போடுங்கள், அதில் ஒரு முழம் நீளத்துக்குச் சிவப்பு நாடா தொங்க விடுங்கள். தாளில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். திரையும் அதற்குத் துணையான சிறிய கருவியும் ஒரே பிட்டோ குழாயிலிருந்துதான் காற்றை வாங்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் தாக்குகோண அளவும் பெரும்பாலும் அதே குழாயிலுள்ள இன்னொரு துளையிலிருந்து வருவது. ஆகவே இந்த வரிசைக்கு மிச்சம் இருப்பது ஜிபிஎஸ் தரைவேகமும், இவ்வளவு ஆர்பிஎம், மூக்கு இந்த உயரம் என்றால் இந்த வேகம் என்று நீங்கள் பயிற்சியில் மனப்பாடம் செய்துவைத்ததும்தான். இந்த ஓட்டையை எந்தக் கருவியை வாங்கியும் அடைக்க முடியாது. முதல் சோதனைப் பறப்புகளில் அந்த எண்களை எழுதி ஒரு அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தாள் நிரம்பியதும் வாங்கும் பட்டியல் தானாகவே சிறுக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் என் கண்ணுக்கு நேரே ஒரு 10 அங்குலத் திரை, அதன் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் சிறிய தனிக் கருவி, இரண்டு சர்வோ (கட்டுப்பாடுகளை அசைக்கும் மோட்டார்) கொண்ட ஆட்டோபைலட், ஒரு ரேடியோ, ஒரு டிரான்ஸ்பாண்டர், ஒரு கைரேடியோ. சிறிய கருவி என்றால் கார்மின் ஜி5 போன்றது. பழைய வட்டக் கருவிகளுக்கான மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த துளையிலேயே உட்காரும், அதன் சொந்த பேட்டரியில் 4 மணி நேரம் வரை ஓடும். அதை வேறு நிறுவனத்தில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மென்பொருளில் ஒரு பிழை இருந்தால் ஒரே குடும்பத்துத் திரைகள் இரண்டையும் அது ஒன்றாகவே தாக்கும். உங்கள் நண்பர் சொல்லும் இரண்டாவது பெரிய திரைக்கு வலப்பக்கம் இடம் விடுங்கள், வயரையும் இழுத்து மடித்துக் கட்டி வையுங்கள், மேலே ஒரு வெற்றுத் தகடு போடுங்கள். இரண்டு வருஷம் பறந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் ஒரு சனிக்கிழமையில் மாட்டிவிடலாம்.

மேகத்துக்குள் பறப்பதற்கான ஜிபிஎஸ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பெட்டிக்கு மட்டும் பல ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும், தரவுத்தளத்துக்கு வருஷா வருஷம் சந்தா வேறு. உங்கள் பணத்தில் ஒரு பெரிய பங்கை, நீங்கள் பறக்கப்போகாத ஒரு பறப்புக்குக் கொடுப்பதாகும். இதைவிட எனக்குப் பெரிய கவலை, அந்தப் பெட்டி பேனலில் இருந்தால் மாலை மூன்று மணி இடிமேகத்தின் ஓரமாக நுழைந்து பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். ஆட்டோபைலட் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. புகைமூட்டத்தில் அடிவானம் தொலைந்தால் இறக்கையைச் சமமாகப் பிடித்து, வந்த வழியே 180 பாகை திருப்பித் தரும் கருவி அது. இரண்டாவது திரைக்கு முன் அதற்குப் பணம் கொடுங்கள்.

முன்னால் சொன்ன விலக்கு இங்கேதான் வருகிறது. சர்வோக்கள் அந்தந்த நிறுவனத்தின் திரையோடு மட்டுமே பேசும். சாய்வுக்கான சர்வோ இறக்கைக்குள் கட்டுப்பாட்டுக் கம்பியின் அசைவைத் திருப்பும் பெல்கிராங்க் பக்கத்தில் உட்காருவது. உங்கள் இறக்கை மூடியிருந்தாலும் சோதனைத் திறப்பு வழியாக இன்னும் கை நுழையும். மூக்கை ஏற்றி இறக்கும் சர்வோ பின் உடற்பகுதிக்குள். அதற்கான தாங்கியை இப்போதே ரிவெட் அடிப்பது எளிது, மேல்தகடு மூடிய பின் முதுகு ஒடியும். ஆகவே கார்மினா டைனனா என்ற முடிவை மட்டும் இப்போது எடுங்கள். சர்வோ, தாங்கி, பிட்டோ குழாய் ஆகியவற்றை இப்போது வாங்குங்கள், மற்றதெல்லாம் கடைசியில்.

இரண்டும் நல்ல கருவிகள், எதை வாங்கினாலும் ஏமாற மாட்டீர்கள். டைனன் ஸ்கைவியூவின் பெட்டிகள் ஒன்றோடொன்று 9 பின் கேபிளில் கோத்துக்கொள்ளும், சொந்தமாகக் கட்டுபவருக்கு வேலை குறைவு. கார்மின் ஜி3எக்ஸில் கேன் பஸ் என்ற இரண்டு வயர் தரவு இணைப்பை நீங்களே ஓட்ட வேண்டும், ஆனால் பின்னால் அதே நிறுவனத்தின் வேறு பெட்டிகளைச் சேர்ப்பது சுலபம். கேன் பஸ் என்றால் இரு முனையிலும் 120 ஓம் முடிவுத்தடை இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது இரு வயருக்கும் இடையே அளந்தால் மீட்டர் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் பகல் பறப்பு மட்டும் என்பதால் என் கை டைனன் பக்கம் சாய்கிறது. ஆனால் உங்கள் பக்கம் ஏற்கெனவே பறக்கும் ஒருவரிடம் கார்மின் இருந்தால் கார்மினையே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சிக்கல் வந்தால் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இருப்பது எந்த வசதியையும் விட மேல். எதுவானாலும் குமிழும் பொத்தானும் உள்ள மாடலாக இருக்கட்டும். மதிய நேரக் குலுக்கலில் வியர்த்த விரலால் தொடுதிரையில் சரியான இடத்தைத் தொட முடியாது.

அமெரிக்காவிலிருந்து வாங்கும்போது சில இடங்களில் வழுக்கும். அங்கே சிறு விமானங்கள் பலவும் தம் இருப்பிடத்தைச் சொல்லும் ஏடிஎஸ்-பி செய்தியை 978 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும், அதே அலையில் இலவச வானிலைப் படமும் வரும். அது அந்த நாட்டோடு சரி. இங்கே உங்களுக்கு வேண்டியது 1090 மெகாஹெர்ட்ஸில் பேசும் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர். அந்த வானிலைப் பெட்டியையும் செயற்கைக்கோள் வானிலைச் சந்தாவையும் சலுகையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள், இங்கே வெறும் பெட்டி. பழைய வட்ட உயரமானி வாங்கினால் அழுத்தச் சாளரத்தில் ஹெக்டோபாஸ்கல் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். பாதரச அங்குலம் மட்டும் இருந்தால் கோபுரம் சொல்லும் 1009-ஐ அதில் வைக்க முடியாது. விபத்து அபாய ஒளிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய 121.5 மட்டும் உள்ளதைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் கேட்பதில்லை. 406 கருவியில் மலேசியாவின் நாட்டுக் குறியீடான 533 பதிந்திருக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டரிலும் அப்படித்தான். 9எம் என்று தொடங்கும் உங்கள் மலேசியப் பதிவு எண்ணோடு தரப்படும் 24 பிட் முகவரியைப் பதிய வேண்டும். வேறு விமானத்தில் இருந்த கருவி என்றால் பழைய முகவரி இன்னும் உள்ளே இருக்கும்.

இன்னொன்று. எந்தக் கருவிகள் கட்டாயம் என்பதை முடிவு செய்வது மலேசிய விமானத்துறை ஆணையமான சிஏஏஎம்தான், நானும் இல்லை, விற்பனையாளரும் இல்லை. உங்கள் பேனல் படத்தையும் கருவிப் பட்டியலையும் இணைத்து, தகடு வெட்டும் முன்பே அவர்களுக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டு வேலையைத் தொடங்கியவர்கள் பிறகு திரும்ப வெட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

பேனல் அமைப்புக்கு முதல் கருவி அட்டைப்பெட்டிதான். திரைகளின் அச்சுப்படத்தை உண்மையான அளவில் எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். உடற்பகுதி நிமிர்ந்ததும் இருக்கையில் மெத்தை போட்டு, ஹெட்செட் மாட்டி, ஒரு மணி நேரம் உட்காருங்கள். மனத்துக்குள் பாயான் லெப்பாஸிலிருந்து லங்காவி வரை முழுப் பயணமும் போய்வாருங்கள், ஒவ்வொரு வேலைக்கும் கையை நீட்டித் தொடுங்கள். ஆர்வியில் த்ராட்டில் நடுவில் இருக்கும், எனவே உங்கள் இடக்கை ஸ்டிக்கிலும் வலக்கை நடுவிலும் இருக்கும். இடப்பக்கம் கீழே சுவிட்ச் வரிசை வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஏறும்போது எரிபொருள் பம்பை அணைக்க ஸ்டிக்கைக் கை மாற்ற வேண்டி வரும். பறக்கும்போது தொடுவதெல்லாம் நடுவில் வலக்கைக்கு எட்ட வேண்டும். தரையில் மட்டும் தொடுவது இடப்பக்கம் போகட்டும். அலைவரிசை மாற்றத் தலையைக் குனிந்து திருப்ப வேண்டியிருந்தால் ரேடியோவை மேலே ஏற்றுங்கள். அடிவானம் தெரியாத நாளில் அந்த ஒரு குனிதல் போதும், தலை சுற்றிவிடும்.

பேனலுக்குப் பின்னால் உள்ள ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கருவியின் ஆழத்தோடு கனெக்டரும் வயர் வளையும் இடமும் சேர்ந்தால் இன்னும் மூன்று விரல் கூடும். குமிழ்க்கூரைக்கு அடியில் வெயிலில் நிற்கும் விமானத்தில் அந்த இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒரு சிறிய காற்றாடி வைத்து, மேல்மூடியில் காற்று வெளியேற வழி விடுங்கள். மேல்மூடி மேட் கறுப்பு, பளபளப்புத் துளியும் வேண்டாம். நடுப்பகலில் வெயில் நேர் தலைக்கு மேலிருந்து விழும் ஊர் இது.

தகட்டை ஒரே துண்டாக வெட்டாமல் இடம், நடு, வலம் என மூன்று துண்டாகச் செய்யுங்கள். ஒரு கருவி மாறினால் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் சிஎன்சி பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் காத்துக்கிடந்து செய்யும் இந்த வேலையை நீங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே முடித்துவிடலாம். அந்த வசதியைப் பயன்படுத்தி முதலில் மலிவான தகட்டில் ஒரு தடவை வெட்டிப் பாருங்கள், பிறகு 1.6 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குப் போங்கள்.

வயரிங்கை நீங்களே செய்யுங்கள். பழுது வரும் நாளில் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பார். ஆனால் 18 வருஷத் தொழிற்சாலைப் பழக்கம் உங்களை ஓரிடத்தில் ஏமாற்றும்: ஈயப்பற்று. பலகையில் அது நல்ல இணைப்பு. அதிரும் விமானத்தில் ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கும் இடத்தில் வயர் விறைத்துப்போகும், அங்கேயே முறியும். முடிந்த இடமெல்லாம் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையை வயர்மேல் நசுக்கிப் பிடிக்க வையுங்கள். கனெக்டருக்குள் போகும் டி-சப் பின்களுக்கு நாலு பக்கமும் அழுத்தும் நல்ல கருவி ஒன்றை வாங்குங்கள், விலை பார்க்காதீர்கள். வயர் டெஃப்செல் உறை போட்டதாக இருக்கட்டும். கார் கடையில் கிடைக்கும் பிவிசி வயர் எரிந்தால் வரும் புகையை மூடிய காக்பிட்டுக்குள் சுவாசிக்க முடியாது. ஆன்டெனாவுக்கு ஆர்ஜி-400 கேபிள்.

கிரவுண்ட் எல்லாம், எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் ஒரே பித்தளைத் தகட்டுக்கு வரட்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முனை. திரைக்கும் துணைக் கருவிக்கும் கட்டாயம் வேறு வேறு முனை. தகட்டைப் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வையுங்கள், பூட்டு வாஷர் போட்டு இறுக்குங்கள். ஹெட்செட் ஜாக்குகளை மட்டும் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அவை பேனல் உலோகத்தைத் தொடக்கூடாது. இரு பக்கமும் ஃபைபர் வாஷர் போட்டு, அவற்றின் கிரவுண்டை இன்டர்காம் பெட்டிக்கு மட்டும் கொண்டுபோங்கள். அந்த இரண்டு சின்ன வாஷரை விட்டுவிட்டு, காதில் ஆல்டர்னேட்டரின் ஊளைச் சத்தத்தோடு மாதக்கணக்கில் பறந்து, ரேடியோவையே மாற்றியவர்கள் உண்டு.

எஞ்சின் பக்கம் மூன்று விஷயம். வெப்பமானி வயர்களைச் சாதாரணச் செம்பு வயரால் நீட்டாதீர்கள், அதே வகை உலோக வயரையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சிலிண்டர் வெப்பம் பொய் சொல்லும். எண்ணெய் அழுத்த சென்சரை எஞ்சின்மேல் நேரடியாக மாட்டாமல், குழாய் இழுத்து ஃபயர்வாலில் மாட்டுங்கள். எஞ்சின் அதிர்வில் பித்தளைக் கழுத்து உடைந்தால் எண்ணெய் முழுக்க வெளியே போய்விடும். மூன்றாவது, எஞ்சின் அளவுகள் எல்லாம் திரையில்தான் வரும் என்பதால், ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்ட்டேஜ் விழுந்து திரை மறுபடி தொடங்கினால் அந்த முதல் அரை நிமிடம் எண்ணெய் அழுத்தம் தெரியாது. திரைக்கான துணை பேட்டரியைக் கட்டாயம் வாங்குங்கள். டைனனின் பேட்டரி திரையையும் அதன் பெட்டிகளையும் ஒரு மணி நேரம் தாங்கும். ரேடியோவை அது தாங்காது, கைரேடியோ வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

திரைக்குத் திசை சொல்லும் காந்தமானியை இறக்கை முனையில் வைக்க நினைத்திருந்தால், விளக்கு வயர்களைப் பாருங்கள். ஒரு விமானத்தில் லேண்டிங் லைட் போட்டதும் திசை 20 பாகை நகர்ந்ததைக் கண்டேன். விளக்கின் கிரவுண்ட் இறக்கை உலோகத்தின் வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. மாட்டும் முன் காந்தமானியை டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, கட்டுப்பாட்டுக் கம்பிகளை முழுக்க அசைத்து, எண் நகர்கிறதா என்று பாருங்கள். திருகுகள் பித்தளையாக இருக்கட்டும்.

90,000 ரிங்கிட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். வயர், கனெக்டர், கருவிகள், ஆன்டெனா, கப்பல் செலவு ஆகியவற்றை யாரும் முதலில் எண்ணுவதில்லை.

கடைசியாகத் திசைகாட்டி. கட்டாயம் வையுங்கள். என் லங்காவிப் பயணத்தில் மின்சாரமே இல்லாமல் வேலை செய்த இரண்டு கருவிகளில் ஒன்று அது. அதிலும் நாம் கொடுத்துவைத்தவர்கள். காந்தப்புலம் மேலும் கீழும் சாயாமல் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கேதான் போகிறது. இந்தியாவில் அதே கோட்டை ஒட்டி இருப்பதால்தான் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள், 1963-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. வட அமெரிக்காவில் காந்தப்புலம் 60, 70 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்து இழுக்கும். அதனால்தான் திரும்பும்போது திசைகாட்டி முந்தும், பிந்தும் என்று பாடப்புத்தகங்களில் அவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறார்கள். பினாங்கில் அந்தச் சாய்வு சில பாகைகளே, உங்கள் திசைகாட்டி திருப்பத்திலும் பெரும்பாலும் உண்மையே சொல்லும். ஒன்று மட்டும்: அமெரிக்கக் கடையில் சும்மா வாங்கினால், அந்த ஊர்ச் சாய்வை ஈடுகட்ட எடை வைத்ததைத் தருவார்கள், இங்கே அட்டை கோணலாக நிற்கும். நிலநடுக்கோட்டுப் பகுதிக்குச் சமன் செய்தது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு எஞ்சின் ஓட, ரேடியோவும் திரையும் எரிய, எல்லாத் திசைக்கும் விமானத்தைத் திருப்பி, எந்தத் திசையில் எத்தனை பாகை பிழை என்ற திருத்த அட்டையை எழுதுங்கள். எல்லாம் அணைத்த நிலையிலும் இன்னொரு தடவை எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.